கையால் எழுதி, திரையில் திருத்தி

தமிழில் நீளமாக ஏதாவது எழுத நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதுல எழுதுறீங்க?" என்றுதான். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கிக்கொள்கிறேன் என்பார் ஒருவர். மைக்கை அழுத்திப் பேசிவிடுவேன் என்பார் இன்னொருவர். தாளில் எழுதி டி.டி.பி. சென்டரில் கொடுத்துவிடுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். கைபேசித் திரையிலேயே விரலாலோ ஸ்டைலஸாலோ எழுதினால் அது அச்செழுத்தாகும் என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரியும். எப்போதாவது தங்கள் பெயரை எழுதிப் பார்த்திருப்பார்கள். அதை வைத்துக் கட்டுரை எழுதலாம், ஆவணம் தயாரிக்கலாம் என்றால் மட்டும் நம்ப மாட்டார்கள். "அது கீபோர்டு வராத பெரியவங்களுக்குங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் முதல் வரைவு எழுத இன்று நம் கையில் இருப்பவற்றில் சிறந்த வழி திரையில் எழுதும் இந்தக் கையெழுத்துப் பலகைதான் என்று நினைக்கிறேன். திருத்துவதற்கு அது இன்னும் தயாராகவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக ஒதுக்கிவிடுகிறோம். அதனால் எழுத வேண்டிய சிலர் எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பேசி எழுதுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். வாய் "போயிட்டு வந்தாங்க" என்கிறது, கை "போய்விட்டு வந்தார்கள்" என்று எழுதுகிறது. நம் எல்லோருக்குள்ளும் இந்த இரண்டு தமிழும் இருக்கின்றன. எழுத்துத் தமிழை நாம் பேசிப் பழகவில்லை, எழுதித்தான் பழகினோம். மைக்கின் முன்னால் மேடைப் பேச்சாளர் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னால் கருவி நன்றாகவே எழுதித் தருகிறது. ஆனால் அப்படிப் பேசும்போது பாதி கவனம் உச்சரிப்பில் போய்விடும், சொல்ல வந்தது நழுவும். வீட்டில் பேசுவது போலவே பேசினால் வருவது வேறு ஒரு பிரதி, அதைக் கட்டுரையாக்க மறுபடி எழுத வேண்டும். அரை மணி நேரம் பேசிய பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "நான் எழுதுறது மாதிரி இல்லையே" என்றது நினைவிருக்கிறது. அவர் சொன்னது சரி. அது அவர் எழுத்தே இல்லை.

ஆங்கில எழுத்தில் தட்டுவதில் வேறு சங்கடம். ந, ன, ண மூன்றுக்கும் அங்கே ஓர் எழுத்துதான். ல, ள, ழ, ர, ற எல்லாமே அப்படித்தான், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று ஏதோ ஓர் ஏற்பாட்டில் சமாளிக்க வேண்டும், இல்லையென்றால் கீழே வரும் பட்டியலில் ஒன்றைத் தொட வேண்டும். எது சரி என்று ஒவ்வொரு சொல்லிலும் மூளை ஒருமுறை நின்று போகிறது. பட்டியலில் முதலில் வருவதையே தொட்டுப் பழகியவர்களின் எழுத்தில் 'பள்ளி' எது 'பல்லி' எது என்ற நிச்சயம் மெல்லக் கழன்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். கைக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 'மழை' என்று எழுதப் போகிற கை ழகரத்தின் அடி வளைவுக்குத் தானாகவே போகிறது. பள்ளிக்கூடத்தில் நோட்டு நோட்டாக எழுதியது அங்கேதான் சேர்ந்து கிடக்கிறது.

தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இதெல்லாம் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. 247 எழுத்துகளும் அந்தச் சில விசைகளின் சேர்க்கையில் வந்துவிடும். நான் திருத்துவது அதில்தான், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எழுபது வயதுக்காரரை உட்காரவைத்து அதைப் பழக்கிய பிறகுதான் அவர் எழுதத் தொடங்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பெரியப்பாவுக்காகத்தான் நான் இதற்குள் இறங்கினேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. எந்த மடை எந்த வயல்களுக்கு, தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை எப்படிப் பிரித்தார்கள், மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கில் எந்தக் கல்லைத் தண்ணீர் தொட்டால் எந்த ஊருக்கு ஆள் அனுப்புவார்கள், நீர்பாய்ச்சிக்கு ஒரு போகத்துக்கு எவ்வளவு நெல், ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராத வீட்டுக்கு என்ன தண்டம் என்று அவரிடம் அத்தனையும் இருக்கிறது. சொல்லச் சொன்னால் சொல்வார். ஆனால் எழுதினால்தான் வரிசையாக வரும் என்பார். பழைய டேப்லெட் ஒன்றில் கையெழுத்துப் பலகையைப் போட்டு, ரப்பர் முனை ஸ்டைலஸைக் கொடுத்தேன். கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்துவைத்தேன். அவர் அங்கே எழுத எழுத இங்கே என் திரையில் வரும்.

முதல் வாரமே போன் வந்தது.

"ஏத்தா, நான் கலுங்குன்னு எழுதுனா இது கலங்குங்குது. உகரம் போட்டுத்தானே எழுதுறேன்?"

"சரியாத்தான் எழுதுறீங்க பெரியப்பா. அதுக்கு அந்தச் சொல் தெரியல."

"தெரியாட்டி எழுதுனதை எழுதுனபடி போட வேண்டியதுதானே?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாளைப் படம்பிடித்து அதிலிருந்து எழுத்தை எடுப்பது ஒரு வேலை, திரையில் எழுதும்போதே உணர்வது வேறு வேலை. திரையில் எழுதும்போது கருவிக்கு வடிவம் மட்டும் கிடைப்பதில்லை, கை போன பாதை முழுவதும் கிடைக்கிறது. பேனா எங்கே தொட்டது, எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே தூக்கியது, எந்த நொடியில் அடுத்த கோடு தொடங்கியது என்பதெல்லாம் புள்ளிகளின் வரிசையாகப் பதிவாகிறது. 2019-இல் கூகுள் தன் ஜிபோர்டு விசைப்பலகையின் கையெழுத்து உணர்தல் எப்படி இயங்குகிறது என்று விளக்கியது. அந்தப் புள்ளிகளை முதலில், ஒரு வளைவைச் சில புள்ளிகளாலேயே குறிக்கும் பெசியே வளைகோடுகளாகச் சுருக்குகிறார்கள். பிறகு, மாதிரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலான ஒரு நரம்பணி வலை அந்த வளைவுகளை வரிசையாகப் படித்து, இது இந்த எழுத்தாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது. கடைசியில் மொழி மாதிரி ஒன்று வந்து, இந்த மொழியில் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்பதையும் சேர்த்து முடிவு செய்கிறது. அதற்கு முந்தைய முறையில் கோடுகளை முதலில் எழுத்து எழுத்தாக வெட்டிவிட்டு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டார்கள். புதிய முறையில் பிழை மொழிக்கு மொழி 20 முதல் 40 விழுக்காடு வரை குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

அந்தக் கடைசிப் படிதான் பெரியப்பாவின் கலுங்கைக் கலக்கியது. ஒருவர் ஒழுங்காக எழுதாவிட்டாலும் சொல் சரியாக வருவது மொழி மாதிரியின் தயவில். ஒழுங்காக எழுதியும் வட்டாரச் சொல் தவறாவதும் அதே மொழி மாதிரியால். ஊரார் சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய ஒரு பத்தியில் 'வெஞ்சனம்' எல்லா இடத்திலும் 'வெஞ்சினம்' ஆகியிருந்தது. எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது வெஞ்சனம். கருவி அறிந்ததோ இலக்கியத்தில் வரும் கடுங்கோபம். குடிமராமத்துக்கு வந்தவர்களுக்குக் கஞ்சியும் வெஞ்சினமும் கொடுத்தார்கள் என்று திரையில் பார்த்து அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான். இணையத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட தமிழைப் படித்து வளர்ந்த கருவி, இதுவரை எழுதப்படாத தமிழை எழுதவிடாமல் தடுக்கிறது. எழுதப்படாத சொற்களை வைத்திருப்பவர்கள்தான் இதற்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள்.

தமிழைப் பொறுத்தவரை இந்தக் கதை கூகுளில் தொடங்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெங்களூரில் இயங்கிய எச்.பி. ஆய்வகத்தினர் தமிழ்க் கையெழுத்தைத் திரட்டி ஒரு தரவுத் தொகுப்பு செய்தார்கள். பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் என்று பலரை டேப்லெட் கணினியில் எழுதவைத்தார்கள். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 500 மாதிரிகள், மொத்தம் 156 எழுத்து வடிவங்கள். 2006-இல் பிரான்சில் நடந்த கையெழுத்து உணர்தல் கருத்தரங்கை ஒட்டி இந்தத் தொகுப்பை வைத்துத் தமிழ் எழுத்துகளுக்கென்றே ஒரு போட்டியும் நடந்தது. இன்றைக்கும் தமிழ்க் கையெழுத்து ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் அந்தத் தொகுப்பின் பெயர் கண்ணில் படுகிறது. சேலத்துப் பிள்ளைகள் எழுதிக்கொடுத்த அகரமும் ஆகாரமும் எங்கெங்கோ ஆய்வகங்களில் கணினிகளுக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

247 எழுத்துக்கு 156 வடிவம் எப்படிப் போதும்? கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பதால். 'கா' என்பது க-வும் ஒரு காலும். 'கெ' என்பது ஒரு கொம்பும் க-வும். 'கி', 'கு' போன்றவற்றில் உயிர்க்குறி மெய்யோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றுக்குத்தான் தனி வடிவம் வேண்டும்.

'கொ' எழுதிப் பாருங்கள். கை முதலில் ஒற்றைக் கொம்பைப் போடும், அடுத்து க, கடைசியில் கால். கணினிகளுக்கான பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடு அதைச் சேமிப்பது வேறு வரிசையில்: முதலில் க, பின்னால் ஒகரக் குறி. அதாவது கொம்பை எழுதி முடித்த நொடியில் கருவிக்கு இது எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று தெரியாது. க வந்த பிறகும் இது கெ-யா, கொ-வா, கௌ-வா என்று தெரியாது. கால் வரும்வரை காத்திருந்து, வந்ததும் மூன்றையும் சேர்த்து வரிசை மாற்றிப் போட வேண்டும். விரலைத் தூக்கி ஒரு நொடி யோசித்தீர்களானால் சில பலகைகள் 'கெ' என்று முடிவுகட்டிவிடும். பிறகு நீங்கள் போடும் கால் தனியாக நின்று ர-வாகப் படிக்கப்படும்.

காலும் ர-வும் படுத்தும் பாடு தனி. அச்சில் ர-வுக்கு அடியில் ஒரு சாய்ந்த வால் உண்டு. கையெழுத்தில் நம்மில் பெரும்பாலோர் அதைப் போடுவதில்லை, அப்படியே கால் மாதிரி இழுத்துவிடுகிறோம். 'மரம்' என்று எழுதினால் 'மாம்' என்று ஒரு சொல் இல்லாததால் கருவி சரியாகப் படிக்கும். 'பரட்டை' எழுதினால் 'பாட்டை' ஆகிவிடலாம், ஏனென்றால் இரண்டும் தமிழே. வாலைப் போட்டு எழுதப் பழகுவது ஒன்றே வழி. பெரியப்பா ஓரிரு நாளில் பழகிக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் கை வரவில்லை, வேகமாக எழுதினால் வால் விட்டுப்போகிறது.

ஔகாரத்திலும் இதே சிக்கல். 'மௌனம்' என்பதில் மௌ-வின் கடைசியில் வரும் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. கையால் எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ஆகவே கருவி மகரத்துக்கு எகரக் கொம்பைப் போட்டு, அடுத்து முழு ளகரத்தைப் போட்டு வைத்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோப்பில் 'மௌனம்' என்று தேடினால் கிடைக்காது. காலும் ர-வும் கலப்பதும் இதே மாதிரிதான்: யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளில் 'ரி' என்பது ஒரு காலும் ஒரு இகர வளைவுமாக இருக்கும், 'ர்' என்பது ஒரு காலும் ஒரு புள்ளியுமாக இருக்கும். அப்படிப்பட்ட கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்றியதில் இந்தப் பிழை எங்கும் பரவிக் கிடக்கிறது. கையெழுத்திலிருந்து வந்த ஆவணத்தை முடிக்கும்போது 'ாி', 'ா்' இரண்டையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

புள்ளிக்கு வருகிறேன். பழைய ஆட்கள் பலர் சொல்லை முழுதும் எழுதிவிட்டுத்தான் திரும்பி வந்து புள்ளி வைப்பார்கள். பெரியப்பா அப்படித்தான். 'கண்மாய்' என்பதை 'கணமாய' என்று எழுதி, கையைத் தூக்கி, ஒரு பார்வை பார்த்து, ண-வுக்கும் ய-வுக்கும் மேலே இரண்டு புள்ளி. அந்த ஒரு பார்வைக்குள் பலகை 'கணமாய்' என்றோ வேறு எதுவோ முடிவு செய்து மேலே அனுப்பிவிடும். பின்னால் வந்த புள்ளிகள் முற்றுப்புள்ளிகளாக வரிசையில் நிற்கும். சில பலகைகளில் எழுதி முடித்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். அதைக் கூட்டிவைத்ததும் அவர் எழுத்தில் பாதித் தொல்லை தீர்ந்தது. அந்த அமைப்பு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதைச் சிறந்த வழி என்கிறேனே என்றால், பெரியப்பா இப்போது எழுதுகிறார் என்பதுதான் பதில். காலையில் பேப்பர் படித்த பிறகு உட்கார்ந்தால் ஒன்றிரண்டு பக்கம் ஓடுகிறது. அவருடைய வாக்கியங்கள் நீளமானவை, 'ஆகவே', 'அன்றியும்' என்று பழைய பள்ளிக்கூட நடையில் போகும். மடை திறக்கும் முறையை விவரிக்கும்போது ஒரு வாக்கியமே எட்டு வரி போகும், ஆனால் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாது. பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தால் அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. தவறாக வந்த சொற்கள் சில நூறு இருக்கலாம், அவற்றைத் திருத்திவிட முடியும். எழுதாமல் போயிருந்தால் திருத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது.

திருத்துவது பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தமிழில் மெய்ப்புப் பார்க்கிறவர்கள் அதிகம் செய்யும் திருத்தம் எது? ஒற்றுப் போடுவது. 'கண்மாய் கரை' என்றிருப்பதைக் 'கண்மாய்க் கரை' ஆக்க வேண்டும். தாளில் ஒரு சின்ன இடைக்குறி, மேலே ஒரு க், முடிந்தது. கையெழுத்துப் பலகையில் இதைச் செய்து பாருங்கள். முதலில் விரல் நுனியால் ய்-க்கு அடுத்து கர்சரை நிறுத்த வேண்டும். அதுவே இரண்டு மூன்று தடவை தவறும். பிறகு வெறும் க் ஒன்றை எழுத வேண்டும். தனி ஒற்றெழுத்து என்பது கருவிக்கு ஆகக் கடினமானது, ஏனென்றால் சொல்லை வைத்து ஊகிக்கப் பழகிய கருவிக்கு அங்கே சொல்லே இல்லை. 'க' என்றும் ஒரு முற்றுப்புள்ளி என்றும் படிக்கும். சரியாகப் படித்தாலும் புதுச் சொல் என்று நினைத்து முன்னால் ஓர் இடைவெளி விடும், 'கண்மாய் க் கரை' என்று வந்து நிற்கும். அந்த இடைவெளியை நீக்க மறுபடி கர்சர். ஒரே ஓர் ஒற்றுக்கு இத்தனை பாடு.

குறில் நெடில் திருத்தமும் இப்படித்தான். விசைப்பலகையில் 'கெ'-யின் பின்னால் நின்று பின்னழிப்பை ஒருமுறை தட்டினால் கொம்பு மட்டும் போய் க நிற்கும், ஏகாரத்தைத் தட்டினால் 'கே'. தாளில் கொம்பின் தலையில் ஒரு சுழி போட்டால் போதும். கையெழுத்துப் பலகையில் இரண்டும் இல்லை. முழுச் சொல்லையும் அழித்து முதலிலிருந்து எழுத வேண்டும். எழுதினால் மறுபடி தன் விருப்பச் சொல்லையே போட்டாலும் போடும்.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமா? 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தினர் பேனாவால் எழுதும் பலகை ஒன்றைச் செய்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் அதன் மேல் கிரெயில் என்று ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதில் பேனாவால் எழுதினால் எழுத்தை உணரும், எழுதியதன் மேல் கிறுக்கினால் அதை அழித்துவிடும். மனிதன் தாளில் எப்படி அடிக்கிறானோ அப்படியே. 2020-இல் ஆப்பிள் தன் ஐபேடில் கொண்டுவந்த ஸ்கிரிபிளிலும் அதே கிறுக்கல் அழிப்பு இருக்கிறது. வட்டமிட்டால் சொல்லைத் தேர்வு செய்யும். இரண்டு சொல்லுக்கு நடுவே செங்குத்தாகக் கோடு போட்டால் சேரும், ஒரு சொல்லின் நடுவே போட்டால் பிரியும். அழுத்திப் பிடித்தால் நடுவில் எழுத இடம் விடும். அது வெளிவந்தபோது ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும்தான் வந்தது.

சேர்ப்பது, பிரிப்பது, நடுவில் நுழைப்பது என்று அந்தச் சைகைகளைப் படிக்கும்போது இவையெல்லாம் தமிழ் மெய்ப்புத் திருத்துகிறவருக்காகவே செய்தது போல எனக்குத் தோன்றும். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று ஒரு பக்கத்துக்குள் பத்து இடத்தில் முடிவு செய்யும் மொழி நம்முடையது. நம் பலகைகளைச் செய்தவர்கள் மனதில் இருந்தது குறுஞ்செய்தியும் தேடல் பெட்டியும்தான். ஒரு சொல், இரண்டு சொல் எழுதி அனுப்புகிறவர் திருத்துவதில்லை, அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறார். 2015-இல் கூகுள் தன் கையெழுத்துச் செயலியை 82 மொழிகளில் வெளியிட்டபோது தமிழும் கிடைத்தது, அது பெரிய காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒருவர் இதில் முப்பது பக்கம் எழுதுவார், பிறகு அதில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவார் என்று எண்ணிச் செய்த தமிழ்ப் பலகை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதுவரைக்கும் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெரியப்பா எழுதும்போது திருத்துவதில்லை. தவறாக வந்த சொல்லின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு மேலே போகிறார். முதலில் அவருக்கு இது பிடிக்கவில்லை, பிழையோடு விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. "வாத்தியார் பார்த்தா என்ன சொல்லுவாரு" என்றார். நான் தான் வாத்தியார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சாயங்காலம் நான் கேள்விக்குறிகளைத் தேடிப் போய் விசைப்பலகையில் திருத்துகிறேன். எதைத் தவறாகப் படிக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: கலங்கு என்றால் கலுங்கு, வெஞ்சினம் என்றால் வெஞ்சனம், இப்படி. தேடி மாற்றும் வசதியில் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும், மொத்தமாக மாற்றிவிடக் கூடாது. எங்காவது தண்ணீர் உண்மையிலேயே கலங்கியிருக்கும். பிறகு பெரிய எழுத்தில் ஒரு பிரதி அச்செடுத்து அவரிடம் போகும். அதில் அவர் பழைய வழக்கப்படி சிவப்பு மையில் திருத்தித் தருவார். தாளில் அவர் போடும் திருத்தக் குறிகளைப் பார்க்கும்போதெல்லாம், இதையே திரையில் போட்டால் என்ன என்ற ஏக்கம் எனக்கு வரும்.

அந்தச் சிவப்பு மைப் பிரதியில் இன்னொன்றும் தெரியும். அவர் எழுதும் லை, னை, ணை நம்முடையது போல இருக்காது. ஐகாரத்துக்கு முன்னால் இணைக் கொம்பு கிடையாது, எழுத்தின் தலையிலிருந்தே ஒரு வளைவு எழும்பித் துதிக்கை மாதிரி இறங்கும். 'றா', 'னா', 'ணா' மூன்றுக்கும் கால் கிடையாது, எழுத்தின் வாலே வளைந்து கீழே சுழியும். பெரியார் 1930-களில் தன் குடிஅரசு இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களின் கையில் பழைய வடிவம்தான் இருக்கிறது. யூனிகோடில் அவற்றுக்குத் தனி இடம் கிடையாது, தேவையும் இல்லை. பழைய லை-யும் புதிய லை-யும் ஒரே எழுத்துதான், எப்படிக் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. ஆனால் கையெழுத்தைப் படிக்கிற கருவிக்கு இரண்டு வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். எங்களிடம் இருப்பதற்குத் தெரியவில்லை. 'தலை', 'வினா', 'வீணை' என்று வரும் இடமெல்லாம் பெரியப்பா நின்று நிதானித்து, புதிய வடிவத்தை நினைவுபடுத்திக்கொண்டு எழுதுகிறார். எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தத் தடை அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இதைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, மாதிரிகள்தான் தேவை. சேலத்திலும் பெங்களூரிலும் அன்று செய்தது போல ஒரு திரட்டலை இன்று முதியவர்களிடம் செய்ய வேண்டும். 1978-க்கு முன் எழுதப் பழகியவர்கள் ஒப்புதலோடு ஆளுக்கு ஒரு பக்கம் டேப்லெட்டில் எழுதட்டும். அந்தப் பதின்மூன்று எழுத்துகளும், கடைசியில் வைக்கும் புள்ளிகளும், வால் இல்லாத ர-வும், ஊர்ச் சொற்களும் அதில் வரட்டும். கோட்டின் பாதையோடும் நேரத்தோடும் பதிவுசெய்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவைக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகமோ கணினித் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகமோ எடுத்துச் செய்யலாம். கல்லூரி மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். அந்தக் கை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிற காலம் இதுதான். முதல் பக்கத்தை எழுதித்தர என் பெரியப்பா தயாராக இருக்கிறார். அவர் வயதுக்காரர்கள் எங்கள் ஊரிலேயே இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.